பத்துக்கு நாலு

அந்த டேப்லெட்டைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைங்க தங்கச்சி. முதல் கேள்வியே எனக்கு ஒத்துவரலை. ‘பள்ளியிலிருந்து வரும் வாராந்திர இணைய வினாடி வினாவுக்கு உங்கள் வீட்டில் விடையளிப்பவர் யார்?’ கேட்டுட்டுக் கீழே மூணு கட்டம் போட்டிருக்கீங்க. குழந்தை தனியாக. பெற்றோர் துணையுடன். பெற்றோர் மட்டும். நான் எதை அமுக்கட்டும்? மூணிலே எதை அமுக்கினாலும் பொய்யாத்தான் இருக்கும். நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே ஒரு கட்டத்தை அமுக்கிக்கோங்க. பி.எட். படிக்கிற பிள்ளை. நாளைக்கு நீங்களும் எங்களுக்கு இப்படி லிங்க் அனுப்பப் போறவங்கதானே.

பாயிலே நல்லா உட்காருங்க. புகையிலைத் தூள் பறக்கும். தும்மல் வந்தா சொல்லுங்க, சுளகைத் தள்ளி வச்சுக்கிறேன். கையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க. சாயங்காலத்துக்குள்ளே ஆயிரம் பீடி சுத்திக் கடைக்குக் கொண்டுபோகணும். நான் பேசிக்கிட்டே சுத்துவேன், சுத்திக்கிட்டே பேசுவேன். எங்க வீட்டுக்காரர் கொல்லத்திலே பேக்கரியிலே இருக்காரு. போன் பண்ணினா, “செத்த நேரம் சும்மா இரி, நான் எதுக்குப் போன் போட்டேன்னே மறந்துபோச்சு”ம்பாரு. அவரு மறதிக்கு நான் என்ன பண்ண.

என் பேரு பொன்மாரி. மகள் கனிஷ்கா, நாலாங்கிளாஸ். நான் பத்தாங்கிளாஸ் வரைக்கும் இதே ஊர்ப் பள்ளிக்கூடம்தான். நானூத்திப் பன்னிரண்டு மார்க். அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

போன ஜூனிலே எப்சிபா டீச்சர் மாற்றலாகி வந்தாங்க, நாலாங்கிளாஸுக்கு. நல்ல டீச்சர். சண்டை போட்ட நாளிலேகூட நான் அதை மறுக்கலை. வந்த வாரமே அம்மாமார் எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலே சேர்த்தாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு லிங்க் வரும். தொட்டா பத்துக் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை. எட்டு மணிக்குள்ளே அனுப்பிடணும். சனிக்கிழமை காலையிலே பட்டியல். எட்டும் அதுக்கு மேலேயும்னா பச்சை, அஞ்சு முதல் ஏழு வரை மஞ்சள், அதுக்குக் கீழே சிவப்பு.

“இது பரீட்சை இல்லை. எந்தப் பிள்ளைக்கு எது வரலைன்னு எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்”னு டீச்சர் குரூப்பிலே எழுதினாங்க. பரீட்சை இல்லையாம். பிறகு எதுக்குப் பேருக்கு நேரா கலர்? ஊருக்கே தெரியிற மாதிரி என் பிள்ளை பேரிலே சிவப்பு விழுந்தா நான் பார்த்துக்கிட்டு இருப்பேனா? நீங்களே சொல்லுங்க.

முதல் வெள்ளிக்கிழமை இப்படித்தான் உட்கார்ந்திருக்கேன். மடியிலே சுளகு, விரல் பூராவும் தூள். கனிஷ்கா போனைத் தூக்கிக்கிட்டு வந்தா. “எம்மா, என்னமோ கேட்டிருக்கு.” அரிசி டின்னிலே சாய்ச்சு வைன்னேன். வச்சா. நானே வாசிச்சேன். தாவரத்தின் எந்தப் பகுதி உணவு தயாரிக்கிறது? பொழுதெல்லாம் இலையை வெட்டி மடக்கிக்கிட்டு இருக்கிறவகிட்டே கேட்கிற கேள்வியா அது? “மூணாவதை அமுக்கு”ன்னேன். அமுக்கினா. டிங்குன்னு ஒரு சத்தம், நட்சத்திரமாக் கொட்டுது. அடுத்தது. ஒரு கிலோகிராம் எத்தனை கிராம்? “ரெண்டாவது.” டிங். பத்தும் முடிய ஆறு நிமிசம்கூட ஆகலை. சுத்தினது ஒண்ணும் குறையவும் இல்லை.

கடைசியிலே பதினோராவதா ஒண்ணு வந்தது. ‘குழந்தைக்கு யாராவது உதவினார்களா?’ இல்லைன்னு அமுக்கச் சொன்னேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் போனைத் தொடவே இல்லை. தொட்டிருந்தா கண்ணாடியிலே புகையிலைக் கறை இருக்குமே. ஒவ்வொண்ணும் அவ விரல் பட்டுத்தான் போச்சு. நான் என் வேலையைப் பார்த்துக்கிட்டு, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம என்னமோ சொன்னேன். அதுக்குப் பேரு உதவியா?

சனிக்கிழமை பட்டியல் வந்தது. கனிஷ்கா, பத்துக்குப் பத்து, பச்சை. முழு மார்க் அவ ஒருத்திதான்.

என் நாத்தனார் பிரமசக்தி அடுத்த தெருவிலே இருக்கா. அவ மகன் லோகேஷும் இதே கிளாஸ்தான். அவனுக்குப் பத்துக்கு ஆறு, மஞ்சள். தண்ணி பிடிக்கிற இடத்திலே வச்சு, “என்ன மைனி, நாலாங்கிளாஸ் பாஸாயிட்டியளா?”ன்னு கேட்டா. நாலு பேர் சிரிச்சாங்க. “ஆமா பிரமு, அஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி உன் மவனுக்கும் சொல்லிக் குடுக்கேன், அனுப்பு”ன்னு சொல்லிட்டுக் குடத்தை எடுத்தேன்.

அதுக்குப் பிறகு நான் விடலை. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவ புத்தகங்களைப் பையிலேருந்து எடுத்து வச்சுக்குவேன். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பாடம் விடாம வாசிச்சிடுவேன். அன்னைக்கு மட்டும் பிள்ளை புத்தகமில்லாமப் போவா. அதனாலே என்ன, பக்கத்துப் பிள்ளையோடதைப் பார்த்துக்குவா. கிளாஸிலே ஒரு புத்தகம் இருந்தா போதாதா? சாயங்காலம் லிங்க் வந்தா தட்டு, அமுக்கு, முடிஞ்சுது. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பச்சை. ஒரே ஒரு வாரம்தான் ஒன்பது. அதுவும் அந்தக் கேள்வியிலே தப்பு இருக்கு, வேணும்னா பிறகு காட்டுறேன்.

செப்டம்பரிலே காலாண்டுப் பரீட்சை வந்தது. இது தாள் பரீட்சை. முடிஞ்ச மறுவாரம் ஒருநாள் சாயங்காலம் எப்சிபா டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க. நீங்க இருக்கிற இந்தப் பாயிலேதான் உட்கார்ந்தாங்க. தும்மினாங்க. பையிலேருந்து கனிஷ்காவோட தாளை எடுத்து விரிச்சாங்க.

பார்த்தா, பக்கம் பக்கமா எழுதியிருக்கா. கேள்வியை எழுதி, அதுக்குக் கீழே பதில் எழுதவேண்டிய இடத்திலே அதே கேள்வியைத் திரும்ப எழுதி வச்சிருக்கா. எல்லாத்துக்கும் அப்படியே.

“கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு பார்த்தீங்களா டீச்சர்”னேன்.

“பார்த்தேன் கனிஷ்காம்மா. அவ எழுத்தை வரையிறா. வாசிக்கத் தெரியலை. மூணு எழுத்துக்கு மேலே போனா நிக்கிறா.”

“பத்துக்குப் பத்து வாங்குற பிள்ளை டீச்சர்.”

“அதைத்தான் நானும் நம்பினேன்”னாங்க டீச்சர். குரலை உயர்த்தலை. “ஜூலையிலே எட்டுப் பிள்ளைங்களைப் பிரிச்சு, நாலு மணிக்கு மேலே வாசிப்பு வகுப்பு வைக்கிறேன். சிவப்பு வாங்கின பிள்ளைங்க. இன்னைக்கு அதிலே அஞ்சு பேர் கதைப் புத்தகம் வாசிக்கிறாங்க. உங்க பச்சையை நம்பி இவளை விட்டுட்டேன். இப்படியே அஞ்சாங்கிளாஸுக்கு அனுப்பினா எந்தப் பாடமும் இவளுக்குப் புரியாது. வர்ற திங்கக்கிழமை புதுசா ஆரம்பிக்கிறேன், அதிலே சேர்த்துடுறேன். போனுக்கு ஒரு சம்மதப் படிவம் வரும். ஆம்னு போட்டு அனுப்புங்க.”

படிவம் வந்தது. இல்லைன்னு போட்டு அனுப்பினேன்.

மறுநாள் திரும்ப வந்தது. திரும்பவும் இல்லை. என்னங்க இது, பன்னிரண்டு பச்சை வாங்கினவளைக் கொண்டுபோய்ச் சிவப்புக் கூட்டத்திலே உட்கார வைப்பாங்களாம், நான் ஆம்னு அமுக்கணுமாம். பிரமசக்தி ஊரைக் கூட்டிச் சிரிக்க மாட்டாளா? அதோட, என் பிள்ளை மக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். “டீச்சர், சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னாலே பத்துக் கேள்வி வைங்க. எட்டு எடுத்துட்டா, அந்த வகுப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

டீச்சர் ஒத்துக்கிட்டாங்க. “வர்றேன். நீங்க பேசக் கூடாது. அவ்வளவுதான்.”

“நான் ஏன் பேசுறேன்”னேன்.

சனிக்கிழமை வந்தாங்க. நான் சுளகை மடியிலே வச்சுக்கிட்டு இங்கே. கனிஷ்கா எதிரே, அரிசி டின்னிலே போன். டீச்சர் வாசலோரமா. கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்கலை. பீடியை மட்டும் சுத்துறேன். கனிஷ்கா போனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. விரலை முதல் விடைக்குப் பக்கத்திலே கொண்டுபோனா, ரெண்டாவதுக்கு வந்தா, மூணாவதுக்கு வந்தா, டக்குன்னு அமுக்கினா. டிங். அடுத்தது, நாலாவதுக்கு வந்து நின்னு, டிங். இப்படியே போய் எட்டு. பத்துக்கு எட்டு தங்கச்சி. நான் ஒரு வார்த்தை பேசலை.

“பார்த்தீங்களா டீச்சர்?”

டீச்சர் போனைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “கனிஷ்காம்மா, அவ விரல் சரியான விடைக்கு வரும்போது நீங்க சுத்துறதை நிறுத்திடுறீங்க.”

“நானா?”

“எட்டு தடவை நிறுத்தினீங்க. ரெண்டு தடவை நூல் கட்டிக்கிட்டு இருந்தீங்க, நிறுத்தலை. அந்த ரெண்டும் தப்பு.”

சத்தியமா எனக்குத் தெரியாது. இத்தனை வருசமா சுத்துறேன், என் கை எப்போ நிக்குது எப்போ போகுதுன்னு நானே பார்த்ததில்லை. இந்தச் சிறுக்கி பார்த்திருக்கா. போனிலே ஒரு எழுத்துகூடப் படிக்காம, என் கையைப் படிச்சு எட்டு வாங்கியிருக்கா. எனக்குச் சந்தோசம் தாங்கலை. “பாருங்க டீச்சர், எவ்வளவு கெட்டிக்காரி. இவளையா நீங்க...”

“மக்குன்னு நான் எப்போ சொன்னேன்?”னாங்க டீச்சர். “கெட்டிக்காரியா இருக்கப் போய்த்தான் மூணு மாசம் எனக்கே பிடிபடலை. மக்கா இருந்திருந்தா ஜூலையிலேயே கண்டுபிடிச்சிருப்பேன்.”

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே, “இப்போ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க. பத்துக் கேள்வி வேண்டாம். ஒண்ணே ஒண்ணு”ன்னு சொல்லி, தன் போனிலேருந்து என்னமோ அனுப்பினாங்க.

திரும்பினேன். சண்டைக்குக் கூப்பிட்டது நான்தானே, இப்போ மாட்டேன்னு சொல்ல முடியுமா? அந்தச் சுவரிலே காலண்டர் தொங்குது பாருங்க, அதுதான் என் மூஞ்சிக்கு நேரே.

“கனிஷ்கா, அதிலே என்ன எழுதியிருக்குன்னு வாசி. உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோ.”

“த... ங்... தங்...” அதோட நின்னுட்டா. நான் காலண்டரிலே பல்லி விழும் பலனைப் படிச்சேன். தலையிலே விழுந்தா இது, தோளிலே விழுந்தா இது. “தங்... கள்.” டீச்சர்கிட்டேருந்து ஒரு சத்தமும் இல்லை. இடது முழங்கால், வலது முழங்கால். “ம... கள்... மா... லை...” அப்போதான் எனக்கு விளங்கிச்சு. அது அந்தச் சம்மதப் படிவம். நான் ரெண்டு தடவை இல்லைன்னு அனுப்பினது. ‘தங்கள் மகள் மாலை வாசிப்பு வகுப்பில் சேரச் சம்மதமா?’ எனக்கு மனப்பாடம்.

‘வாசிப்பு’லே ஒரு நிறுத்தம். ‘வகுப்பு’லே ஒரு நிறுத்தம். வெளியே பால்காரர் மணி அடிச்சுட்டுப் போறார். பாத்திரம் எடுத்துட்டுப் போகணும், நான் அசையலை. “சே... ர... ச்... ச... ம்...” அங்கே நின்னுட்டா. ம், ம்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கா. என் நாக்கு துடிக்குது தங்கச்சி. மதமான்னு மூணு எழுத்து. ஒரு மூச்சு. சொல்லிட்டா முடிஞ்சுது, பிள்ளைக்கும் கஷ்டம் தீரும், பால்காரரையும் பிடிச்சிடலாம். பல்லாலே உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். மடியிலே சுத்தாத இலை அப்படியே கிடக்குது. பிரசவ வலியிலேகூட நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன், நர்ஸ் திட்டினாங்க. அன்னைக்கு அந்தச் சுவரைப் பார்த்து வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

“ம்... ம... த... மா.” பிறகு மொத்தமா, அவளாகவே: “சம்மதமா.”



“எம்மா, கீழே ரெண்டு இருக்கு. ஆம். இல்லை. எதை அமுக்க?”

நான் திரும்பலை.

“எம்மா?”

திரும்பலை. டிங் சத்தம் வரலை. படிவத்துக்கு அது கிடையாதுபோல. பொறுத்துப் பார்த்துட்டுத் திரும்பினேன். பச்சையும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ‘ஆம். பதிவு செய்யப்பட்டது’ன்னு இருந்தது.

“ஏட்டி, ஆம்னா போட்டே? அங்கே போனா சிவப்புக் கூட்டம்னு சொல்லுவாங்களே.”

“சொல்லட்டும்”னா. “அங்கன போனா நான் வாசிச்சு முடிக்கது வரைக்கும் டீச்சர் பேசாம இருப்பாவ.”

நான் அதிகமாவா பேசுறேன் தங்கச்சி? நீங்க வந்த நேரத்திலேருந்து பார்க்கிறீங்க. கேட்டதுக்குத்தானே பதில் சொல்றேன். அன்னைக்கு எப்சிபா டீச்சர் சிரிக்கலை. சிரிச்சிருந்தா சும்மா விட்டிருக்க மாட்டேன்.

திங்கக்கிழமையே வகுப்புக்குப் போனா. ஆனா நான் சும்மா விட்டுடலை. குரூப்பிலே எழுதினேன். ‘ஜூன் முதல் செப்டம்பர் வரை கனிஷ்கா பேரில் வந்த பன்னிரண்டு பச்சையும் என்னுடையது. அவற்றைப் பொன்மாரி என்ற பேரில் மாற்றித் தரவும்.’ நான் படிச்சு வாங்கினது, எனக்குத்தானே சேரணும்? டீச்சர் அப்படி மாத்த வழியில்லைன்னுட்டாங்க. அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்த சனிக்கிழமை பட்டியலிலே அஞ்சு பச்சையைக் காணோம். ரெண்டு மஞ்சளையும் காணோம், அத்தனையும் சிவப்பா இருந்தது. அதிலே ஒண்ணு லோகேஷோடது.

பிரமசக்தி தண்ணி பிடிக்கிற இடத்திலே என்கிட்டே வந்து, “மைனி, குரூப்பிலே எதுக்கு அதையெல்லாம் எழுதினிய? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?”ன்னா. “உன் ஆறு யாரோட ஆறுன்னு நான் கேட்டனா பிரமு”ன்னேன். பாதிக் குடத்தோட கிளம்பிட்டா. இப்போ லோகேஷும் நாலு மணி வகுப்புக்குத்தான் போறான்.

இப்போவெல்லாம் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு லிங்க் வந்ததும் போனை அவ கையிலே கொடுத்துட்டு, சுளகைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போயிடுவேன். இங்கே இருந்தா கை காட்டிக்கொடுத்துடும். அங்கே உட்கார்ந்து நான் பேசுற பேச்சிலே எதிர்வீட்டு அக்காவுக்கு டிவி கேட்க முடியலையாம். அது அவங்க பாடு. முதல் வாரம் ரெண்டு வாங்கினா. பிறகு ஒண்ணு. பிறகு மூணு. எல்லாம் சிவப்பு. என் வீட்டுக்காரர் போனிலே, “என்ன, பிள்ளை படிப்பு இறங்கிப்போச்சா”ன்னு கேட்டாரு. நீங்க லீவிலே வந்தா பிள்ளையை விட்டு ரொட்டி பாக்கெட்டிலே எழுதியிருக்கிறதை வாசிக்கச் சொல்றேன், கேட்டுட்டுப் பிறகு பேசுங்கன்னேன்.

போன வெள்ளிக்கிழமை. ஏழே முக்கால் இருக்கும். எதிர்வீட்டிலே நான் உட்கார்ந்திருக்கேன், இவ தெருவைத் தாண்டி ஓடி வர்றா, செருப்புகூட இல்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினா. “நாலும்மா.” பத்து வாங்கின ஒரு வெள்ளிக்கிழமைகூட அவ போனைத் தூக்கிக்கிட்டு என்கிட்டே ஓடி வந்ததில்லை. அதை இப்போ சொல்லும்போதுதான் நினைச்சுப் பார்க்கிறேன்.

“எந்த நாலு?”ன்னேன்.

அங்கேயே தரையிலே உட்கார்ந்து ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினா. கேள்வி, நாலு விடை, அதிலே அவ போட்டது எது, ஏன் போட்டா. அக்கா டிவியை நிறுத்திட்டாங்க. நான் கையையும் நிறுத்திட்டேன், இந்தத் தடவை தெரிஞ்சே நிறுத்தினேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு.

அதனாலே மறுநாள் பீடிக் கடையிலே நூத்தம்பது குறைஞ்சுது. எண்ணி வாங்குறவர், “என்ன பொன்மாரி, மேலுக்கு முடியலையா?”ன்னு கேட்டார். எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன், என் மவ வினாடி வினாவிலே நாலு எடுத்திருக்கான்னேன்.

“நாலுக்கா?”ன்னார்.

“பத்துக்கு. அதுக்கென்ன இப்போ?”ன்னேன்.